“அப்பா பென்ஷன் என்ன ஆகுது?” என்று நாத்தனார் கேட்டால்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். மாமனாருக்கு 76 வயது, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாருக்கு இதய நோய். மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நான்தான். மருந்து, கார் வாடகை எல்லாம் கையைக் கடிக்கிறது. சென்னையில் இருக்கும் கணவரின் அண்ணன், “வீடு யாருக்குன்னு முதலில் எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். லாஸ்பேட்டையில் இருக்கும் நாத்தனார், “அப்பா பென்ஷன் என்ன ஆகுது?” என்று கேட்கிறார். என் கணவர் வாயே திறப்பதில்லை. எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு விஷயம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமையை மகன், மகள், பேரன், பேத்தி மீது வைக்கும் அந்தச் சட்டத்தில் மருமகள் என்ற சொல்லே கிடையாது. நாத்தனாருக்குக் கடமை உண்டு, சென்னைக்காரருக்கும் உண்டு. நீங்கள் செய்வது அதற்கு மேலே. இதைச் சண்டையில் எடுத்து வீசச் சொல்லவில்லை. மனதில் இருந்தால் பேசும்போது குரல் நடுங்காது, அதற்குத்தான்.

ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் தொடங்கினால் விஷயம் அன்றைக்கே “வந்தவள் கணக்குக் கேட்கிறாள்” என்று திரும்பிவிடும். நியாயமில்லைதான், ஆனால் நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அண்ணனிடம் போவதற்கு முன் அவர் அப்பாவிடம் தனியாகப் பேசட்டும். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு வராது. ஒரு சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போகட்டும். இருவரும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் வரும். “உங்களிடம் எவ்வளவு இருக்கு?” என்று கேட்க வேண்டாம், சொத்தில் கண் என்று படும். “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடணும்னா, நான் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கட்டும்?” இதற்கு எந்த அப்பாவும் பதில் சொல்வார்.

அந்தப் பதில் வந்ததும் வங்கி வேலையை முடித்துவிடுங்கள். கணக்கை மாமியார் பெயரும் சேர்த்து ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று மாற்ற வேண்டும். கை நடுங்கத் தொடங்கினால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பி வரும், அதுவரை காத்திருக்காதீர்கள். நாமினி யார் என்பதில் நாத்தனாருக்குச் சந்தேகம் இருந்தால் விளக்கிவிடுங்கள்: நாமினி பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது.

அடுத்து பென்ஷன். ஆலைத் தொழிலாளிக்கு வருவது பி.எஃப். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய். பலருக்கு இரண்டாயிரம், மூன்றாயிரத்தைத் தாண்டுவதில்லை. அரசு ஊழியர் பென்ஷனை மனதில் வைத்துக்கொண்டு நாத்தனார் கேட்கிறார் என்று நினைக்கிறேன். வாதாட வேண்டாம், பாஸ்புக்கைக் காட்டுங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு மாதத்து மருந்து, கார் வாடகை, டயப்பர், பரிசோதனை எல்லாம் தேதி போட்டு எழுதுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களையும் எழுதுங்கள். அதற்கு ரூபாய் போட வேண்டாம், நாள் மட்டும் போதும். இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், மருமகன் முதல் சித்தப்பா வரை தீர்ப்பு சொல்ல வந்துவிடுவார்கள். மூன்று பிள்ளைகள் மட்டும் நேரில் உட்காரட்டும். பொங்கலன்று வேண்டாம், மறுநாளோ அதற்கு மறுநாளோ, காலைக் காபிக்குப் பிறகு.

வீட்டுப் பேச்சை அந்த உட்காரலில் எடுக்கவே கூடாது. கணவரின் அண்ணன் இழுப்பார். “அது அப்பா முடிவு, இன்னைக்கு மருந்துச் செலவு மட்டும்” என்று உங்கள் கணவர் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். அவர் அதிகம் பேசாதவர் என்பது இங்கே வசதிதான்.

மாமனாருக்கு மட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிட்டால் வீடு அன்றைக்கே கைமாறிவிடும், மனம் மாறினாலும் அவர் மட்டுமாக ரத்து செய்ய முடியாது. பிள்ளைகள் அவசரப்படுத்துவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். அப்படியே எழுதினாலும், தனக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை உண்டு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அந்த நிபந்தனையை மீறினால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போய் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். எதுவுமே எழுதாமல் போனால், சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு இந்து வாரிசுச் சட்டப்படி மாமியாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கால் கால் பங்கு. நாத்தனாருக்கும் அதே கால்தான். இதைக் கேட்டாலே அவருக்குப் பாதிப் பயம் தெளியலாம்.

எல்லோராலும் பணமாகத் தர முடியாது. நாத்தனார் தயங்கினால் நாளாகக் கேளுங்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஜிப்மர் பக்கம்தான். முந்தின நாள் சாயங்காலமே மாமியாரை மகள் வீட்டில் விட்டுவிட்டால், மறுநாள் அவர் அழைத்துப் போவார். உங்களுக்கு அந்த ஒரு நாளாவது விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை.