மாடியில் ஏரியல், ஆடியில் காற்று: வாசகர் கேள்வி – பதில்

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிய நாள் முதல், மாடியில் உள்ள டிஷ் ஆடுகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்ற கடிதங்களே மிகுதியாக வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பா 1990 வாக்கில் நட்ட ஏரியல் கம்பம் எங்கள் மாடியில் இன்னும் நிற்கிறது. அதைப் புதிய டிவியில் இணைத்தால் கொடைக்கானல் தூர்தர்ஷன் வருமா? வராது என்றால், அந்தக் கம்பத்திலேயே டிஷ்ஷை மாட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்பதுதான் பதில். தரைவழி அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் படிப்படியாகக் கைவிட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள், நாட்டின் சில முக்கிய இடங்களைத் தவிர மற்ற ஒளிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. சென்னை போன்ற சில பெருநகரங்களில் தொடங்கப்பட்ட தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பும் நம் பக்கம் வந்து சேரவில்லை. ஆகவே உங்கள் டிவி எவ்வளவு புதியதாக இருந்தாலும், அந்த மீன்முள் ஏரியல் பிடித்துத் தருவதற்கு வானில் ஒன்றும் இல்லை. 1926ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியாளர்களான உதாவும் யாகியும் வகுத்த வடிவம் அது. அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. அனுப்புகிற இடத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

மாதக் கட்டணம் இல்லாத வழி, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஆகும். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சேவை அது. இப்போது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள் வழியாக வருகிறது. டிஷ், செட்டாப் பாக்ஸ், கேபிள் ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். பொதிகை என்று நாம் பழகிய அலைவரிசை, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறி அதில் கிடைக்கிறது.

அடுத்தது கம்பம். உங்கள் அப்பா அதை இருபதடி உயரத்துக்கு நட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. கொடைக்கானலிலிருந்து வந்த அலை ஏறக்குறைய அடிவானத்தை ஒட்டி வந்தது. இடையில் இருந்த வீடு, மரம், மேடு எல்லாவற்றையும் தாண்டி ஏரியல் தலை நிமிர்த்தியாக வேண்டும். டிஷ்ஷுக்கு அந்தத் தேவை கிடையாது. ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில், அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல் தெரியும் இடத்தில் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் பழைய ஏரியல் பார்த்த அதே அக்னி மூலையைத்தான், சற்றே கிழக்காக, டிஷ்ஷும் பார்க்கிறது. திசை ஏறக்குறைய ஒன்றே. பார்வை மட்டும் மேலே போய்விட்டது. உயரமான கம்பத்தால் டிஷ்ஷுக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை, ஆட்டம்தான் மிச்சம்.

அந்தக் கம்பத்தை இறக்கிவிடுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற இரும்புக் குழாய், மேலே நன்றாகத் தெரிந்தாலும், கைப்பிடிச் சுவரின் கிளாம்புக்குள் மழைநீர் தேங்கும் இடத்தில் தாள் போல அரித்திருக்கும். விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஓசை மாறும். இறக்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. கம்பத்தின் நீளத்தைவிடக் குறைந்த தூரத்தில் மின்கம்பி போகுமானால் நீங்களாக இறக்க வேண்டாம், மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே கை வையுங்கள். ஈரக் கயிறும் இரும்புக் கம்பமும் மின்கம்பியும் சந்தித்த பின் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இறக்கிய குழாயில் அரிக்காத துண்டு கிடைத்தால் வானொலி ஏரியலைத் தாங்கும் குட்டைக் கம்பமாக ஆகும். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடை பண்பலை இன்னும் ஒலிக்கிறது. தலா 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களை ஒன்றையொன்று தொடாமல் ஒரே நேர்கோட்டில் ஒரு மரக்கட்டையில் பொருத்தி, நடுவில் கேபிளை இணைத்தால் நல்ல பண்பலை ஏரியல் ஆகிவிடும்.

கேள்வி: புதிதாக ஃப்ரீ டிஷ் வாங்கியிருக்கிறோம். பொருத்த வந்தவர், மொட்டை மாடித் தரையின் நடுவில் நான்கு துளை போட்டு போல்ட் வைக்க வேண்டும் என்கிறார். என் மாமனார், துளை போட்டால் ஒழுகும் என்று தடுக்கிறார். ஆடிக் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்பதும் எங்கள் கவலை. யார் சொல்வது சரி?
– வாசகி, பெருந்துறை

பதில்: உங்கள் மாமனார் சொல்வதே சரி. தளத்தின் மேல் சுண்ணாம்புச் சல்லியும் தட்டோடும் பதித்து, தண்ணீர் இறங்காமல் ஒரு மேற்பூச்சு போட்டிருப்பார்கள்; போல்ட் துளை அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. முதல் மழைக்கே ஒழுகாது. காற்றில் டிஷ் ஆட ஆட, போல்ட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி உண்டாகி, இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் கூடத்துக் கூரையில் பழுப்பு வட்டமாகத் தெரியும். அதற்குள் பொருத்தியவரின் கைப்பேசி எண் மாறியிருக்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மிகை என்று நினைப்பவர்கள் பல்லடம், உடுமலைச் சாலையில் காற்றாலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன என்று யோசிக்கலாம். இரண்டடி அகல டிஷ்ஷின் மேல் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையின் அளவுக்குத் தள்ளும். வேகம் இருமடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது இருபது கிலோ ஆகும். மூன்றடிக் குழாயின் நுனியில் இது ஒரு பொருட்டல்ல. பத்தடிக் குழாயின் நுனியில் அடிப்பிடியையே நெம்பிவிடும்.

ஆகவே எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி, எப்படி முடுக்குவது என்பது அடுத்தது. நம் பக்கம் இந்தக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. டிஷ் பார்க்க வேண்டியதோ அக்னி மூலைப் பக்கம். எனவே மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டியோ, வழக்கப்படி கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தால் அதன் கிழக்குப் புறத்திலோ வைத்தால், மேற்குக் காற்றை அந்தக் கட்டடமே தடுத்துக்கொள்ளும். டிஷ்ஷின் முகத்துக்கு எதிரே மறைப்பும் இருக்காது. மாடிப்படி அறைச் சுவரில், பூச்சைத் தாண்டிச் செங்கல்லின் உடம்பில் இறங்குமாறு நீள போல்ட் அடித்து மாட்டுவதே சிறந்தது. சுவரில் போடும் துளை தளத்தில் போடும் துளை போல ஒழுகாது. சுவர் வசதி இல்லையென்றால், இருபது லிட்டர் காலி பெயிண்ட் வாளியில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிக்கொள்ளுங்கள். சுமார் ஐம்பது கிலோ எடை வரும். ஒரே வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து பிறகு டிஷ்ஷை ஏற்றுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் மட்டும் கட்டிவிடாதீர்கள். காங்கேயத்தில் என் சொந்த வீட்டில் நானே அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்து, ஒரு ஆடி வெள்ளியன்று டிஷ்ஷோடு தொட்டிக் குழாயும் முறிந்து, படமும் தண்ணீரும் ஒருசேர நின்றன.

திருப்பும்போது திசைகாட்டியை இரும்புக் குழாய்க்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள்; நான்கடி தள்ளி நில்லுங்கள். வடக்கிலிருந்து கிழக்கு வழியாக 123 முதல் 125 பாகை வரை திருப்ப வேண்டும். டிஷ்ஷின் முகம் 67 பாகைக்கு நிமிர்ந்தாற்போலத் தோன்றாது. அதன் வளைவு அமைப்பினால் பார்வை முகத்தைவிட மேலே போகிறது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையின் நுனியில் அலையை வாங்கிக்கொள்ளும் எல்.என்.பி. நன்றாகச் சாய்ந்து இருப்பதைக் கண்டும் தவறு என்று எண்ண வேண்டாம். செயற்கைக்கோள் நமக்குப் பக்கவாட்டில் இருப்பதால் நம் பகுதியில் அப்படித்தான் இருக்கும். டிவி திரையில் இரண்டு கோடுகள் வரும். அவற்றில் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்பது வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஓரளவு காட்டும். சிக்னல் குவாலிட்டி என்ற கோடு ஏறும் வரை நகம் அளவு நகம் அளவாக நகர்த்தி, ஏறிய இடத்தில் நட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள். ஒரே நட்டை முழுதும் முடுக்கினால் டிஷ் இழுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

கேள்வி: எங்களுடையது தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள ஓட்டு வீடு. டிஷ்ஷை ஓட்டின் மேல் ஏற்றப் பயமாக இருக்கிறது. மரத்துக்கு மேலே போகும் கம்பம் வேண்டும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், ஆனைமலை

பதில்: ஓட்டின் மேல் ஏறவே வேண்டாம், வாசலில் நடுங்கள். 67 பாகை உயரத்தில் பார்க்கும்போது, டிஷ்ஷிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் பொருள் டிஷ்ஷைவிட ஏறக்குறைய 23 அடி உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். இருபதடி தள்ளி நின்றால் 47 அடி உயர வேண்டும். அக்னி மூலைப் பக்கம் இருபதடிக்கு மரம் இல்லாத இடமாகப் பார்த்து, மண்ணில் இரண்டடி ஆழம் கான்கிரீட் போட்டு நாலடிக் குழாய் நிறுத்தினால் போதும். நெட்டை மரம் ஓங்கி வளர்ந்த தோப்பானால் இன்னும் சற்று விலகுங்கள். மட்டையின் நுனி காற்றில் எவ்வளவு தூரம் வீசுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காற்றடிக்கும்போது மட்டும் விட்டு விட்டுப் படம் போனால் டிஷ்ஷின் ஆட்டம் அல்ல, மட்டையின் ஆட்டமாகவும் இருக்கலாம். ஆடு, மாடு உரசாமல் சுற்றிலும் வேலி கட்டுவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பலத்த மழையில் படம் நின்றுவிடுகிறது. பெரிய டிஷ் வாங்க வேண்டுமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: கொட்டும் மழையில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் வாங்க வேண்டாம். இந்த அலையை மழைத்துளி உறிஞ்சிக்கொள்கிறது, அது இயல்பு. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் வரவில்லை என்றால் கேபிளின் முனையில் தண்ணீர் புகுந்திருக்கிறது. முனையைக் கழற்றிப் பாருங்கள்; நடுவில் உள்ள செம்புக் கம்பி பச்சையாகவும் அதைச் சுற்றிய உலோக வலை கறுப்பாகவும் இருந்தால் ஓரடி வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் வழியும் நீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், முனைக்குள் போகாது.

கேள்வி: சித்திரை மாத இடி மழையில் பக்கத்து வீட்டு டிவி கருகிவிட்டது. எங்கள் டிஷ்ஷுக்கு எர்த் கொடுத்தால் தப்பிக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: டிஷ் குழாயிலிருந்து செம்புக் கம்பி ஒன்றை வளைவு நெளிவு இல்லாமல் இறக்கி, தரையில் எர்த் குழியோடு இணைப்பது நல்லது. அருகில் விழும் இடியினால் குழாயிலும் கேபிளிலும் தூண்டப்படும் மின்னழுத்தம் அவ்வழியே இறங்கும். நேராக விழும் இடியை அது தடுக்காது. ஆகவே டிஷ், மாடிப்படி அறையின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; காற்றுக்கு மறைவு என்பதோடு இதுவும் ஒரு காரணம். வானம் கறுக்கும்போதே செட்டாப் பாக்ஸின் மின்செருகியையும் டிஷ் கேபிளையும் இரண்டையும் கழற்றி வையுங்கள். கேபிளை மட்டும் கழற்றுவது போதாது, ஏனெனில் மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சியினாலும் பெட்டி கருகும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள். அந்த ஒரு வேளைக்குப் பெட்டி போனாலும் போகட்டும்.