ஜாஸ் விழாவுக்குப் போகிறீர்களா? பகல் வகுப்பை விட்டுவிடாதீர்கள்

சாக்ஸபோன் வாசிப்பவன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், வெளிநாட்டு ஜாஸ் விழாக்களைப் பற்றியும் அங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் மதுரை வட்டார நண்பர்கள் என்னிடம் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணே, ஜாஸ் விழான்னா கச்சேரிதானே? அதுல பாடம் எங்க வருது?

தம்பி, இத்தாலியில் 1973-ல் தொடங்கி, பெருஜியா நகரத்தில் நடக்கும் உம்ப்ரியா ஜாஸ் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரி ஆசிரியர்கள் அங்கே வந்து வகுப்பு எடுக்கிறார்கள். பகலில் வாத்தியப் பயிற்சி, இசைக் கோட்பாடு, குழுவாக வாசிப்பது. சாயங்காலம் அதே ஊரில் பெரிய கலைஞர்களின் கச்சேரி. அமெரிக்காவில் ஐடஹோ பல்கலைக்கழக விழா 1967-ல் ஆரம்பித்தது. 1985-ல் வைப்ரஃபோன் (கோலால் தட்டி வாசிக்கும் உலோகக் கட்டை வாத்தியம்) மேதை லயோனல் ஹாம்ப்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் குழுவோடு வந்து நடுவர்கள் முன்னால் வாசிக்கிறார்கள், எங்கே சரி, எங்கே தவறு என்று அங்கேயே கேட்டுக்கொள்கிறார்கள்.

கச்சேரியை யூடியூபில் பார்க்கலாம். "ரெண்டாவது சுற்றில் உனக்கு மூச்சு தப்புது" என்று யூடியூப் சொல்லாது. செலவு செய்து போவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

அலங்காநல்லூர், பேண்டு செட்டில் வாசிப்பவர்: கல்யாண பேண்டுல ரொம்ப வருஷமா ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். நொட்டேஷன், அதான் எழுதின இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது. சேத்துக்குவாங்களா?

அண்ணே, தாராளமாக. ஒரு பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் வாசிக்கிற காது உங்களிடம் இருக்கிறது. நொட்டேஷன் படித்து வருபவர்களில் பலர் அதற்காகத்தான் ஏங்குகிறார்கள். ஆனால் மூன்று விஷயங்களைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

முதலில், ஆல்டோ ஒரு 'ஈ ஃபிளாட்' வாத்தியம். நீங்கள் 'சி' வாசித்தால் கீபோர்டில் அது 'ஈ ஃபிளாட்'. அங்கே "பி ஃபிளாட் ப்ளூஸ்" என்றால் உங்கள் விரலுக்கு அது 'ஜி'. இது தெரியாமல் மேடை ஏறினால் முதல் ஸ்வரமே இடறும்.

அடுத்தது, ப்ளூஸ் என்ற பாட்டு வகையின் பன்னிரண்டு பார். பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று. உங்கள் விரலில் ஜி நான்கு பார், சி இரண்டு, மறுபடி ஜி இரண்டு, பிறகு டி ஒன்று, சி ஒன்று, கடைசியில் ஜி இரண்டு. மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிஷத்துக்கு 80 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு பாரிலும் அந்த ஆதார ஸ்வரத்தை மட்டும் நீட்டி வாசியுங்கள். எண்ணாமலே எந்தப் பாரில் நிற்கிறோம் என்று தெரியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். இதைச் செய்யாமல் வேகமாக ஓடுகிறவர்கள்தான் நடுவில் தொலைந்துபோகிறார்கள்.

மூன்றாவது, நொட்டேஷன். தினம் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வந்துவிடும். பயப்படாதீர்கள்.

வில்லாபுரம், மிருதங்கம் படிக்கும் மாணவி: அண்ணா, எனக்கு அங்க என்ன வேலை?

நிறைய இருக்கிறது, தங்கச்சி. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் 1958-ல் சென்னைக்கு வந்தபோது மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' என்ற பாட்டு ஐந்து எண்ணிக்கையில் போவது. கேட்டுப்பாருங்கள்: அது 'தகிட தக', மூன்றும் இரண்டும். நம் கண்ட சாப்பு 'தக தகிட'. ஐந்து அதே ஐந்துதான், அழுத்தம் விழும் இடம் வேறு. அதைக் கையில் கொண்டுவரப் பாருங்கள்.

தனி ஆவர்த்தனத்தில் கடத்தோடு மாற்றி மாற்றி வாசிப்பீர்களே, அதே மாதிரி ஜாஸில் நான்கு நான்கு பாராகப் பங்கிட்டு வாசிப்பார்கள். அங்கே நீங்கள் தடுமாற மாட்டீர்கள். கஷ்டம் வேறு இடத்தில்: பேஸ் (அடிஸ்வரம் பிடிக்கும் தந்தி வாத்தியம்) தனியாக வாசிக்கும்போது கையை அடக்கி, கிட்டத்தட்ட சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

கே.கே. நகர், ஒரு தாயார்: மகள் பாட்டு கத்துக்கறா. ஜாஸ் வகுப்புக்குப் போனா சங்கீதம் கெட்டுடுமா?

கெடாதும்மா. கத்ரி கோபால்நாத் 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டியோடு வாசித்தார். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அவர் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதத்தைத்தான் வாசித்தார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் கச்சேரியில் தம்பூரா அசையாது. ஜாஸில் அடியில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டையில் ('சி' ஸ்ருதியில்) கல்யாணி பாடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பியானோ 'சி மேஜர்' பிடிக்கும்போது கல்யாணியின் 'ம', அதாவது பிரதி மத்யமம், பளிச்சென்று நிற்கும். அது 'எஃப்' கார்டுக்கு நகர்ந்ததும் அதே மத்யமத்தில் நின்றால் உரசும். எங்கே நிற்கலாம், எங்கே தொட்டுவிட்டு நகரணும் என்று கேட்டுக் கேட்டுத்தான் வரும். குரு சொல்லிக்கொடுத்த பாடாந்தரம் நன்றாக ஊறிய பிறகு அனுப்புங்கள். பத்து வயசில் வேண்டாம்.

செல்லூர், பெயர் வேண்டாம் என்றவர்: செலவு?

அதிகம்தான். கட்டணத்தைச் சேர்ப்பதற்கு முன் உதவித்தொகை உண்டா என்று விழாக்காரர்களுக்கே எழுதிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. சாக்ஸை விமானத்தில் கையோடு வைத்துக்கொள்ள விடுவார்களா என்பதையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பசுமலை, பள்ளி ஆசிரியர்: நம்ம மதுரையிலே நடத்த முடியாதா சார்?

முடியும் சார். யுனெஸ்கோ 2011-ல் ஏப்ரல் 30-ஐ சர்வதேச ஜாஸ் தினமாக அறிவித்தது. அதையொட்டி ஒரு நாள் போதும். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் பையன்கள், பேண்டு செட் ட்ரம்பெட்காரர்கள், சபாவில் மிருதங்கம் வாசிப்பவர்கள் எல்லாரும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். பியானோவுக்குப் பதில் கீபோர்டு, டபுள் பேஸுக்குப் பதில் பேஸ் கிட்டார் வைத்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழா அந்தத் தேதியை ஒட்டி வரும் வருஷங்களில் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், தமுக்கம் பக்கம் நகர முடியாது. உங்கள் பள்ளி ஹால் கிடைக்குமானால் சொல்லுங்கள், ஊதுகிற பிள்ளைகளின் காலை வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.