கட்டடத்தின் பொது வைஃபையை வைத்து அலுவலகத்துக்குத் தனி நெட்வொர்க் அமைக்க முடியுமா?

வாடகையோடு சேர்த்துக் கட்டடக்காரர் தரும் வைஃபை மட்டும்தான் இருக்கிறது, அதன்மேல் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப்பார்க்க முடியாத தனி நெட்வொர்க் அமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமைக்கலாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே அமைத்துவிடுங்கள். ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குக் குலை வெட்ட ஆள் அனுப்பும் குத்தகையாளர்கள். அவர்களுடைய தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல், ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் எங்கள் கையில்தான். அதே மாடியில் டியூஷன் வகுப்பு, தையல் கடை, காப்புறுதி முகவர் ஒருவரின் அறை. எல்லோருக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்ட். அதைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தார்கள்.

ஒரு மாலை, டியூஷனுக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் கதவைத் தட்டி, "அக்கா, உங்கள் ஃபோல்டர் என் லேப்டாப்பில் தெரிகிறது" என்றான். திறந்து காட்டினான். நாற்பது பேரின் பெயர், அடையாளக் கார்டு எண், சம்பளம். அதில் ஒரு பெயர் என் அம்மாவோடு ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவருடையது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த வைஃபையை விண்டோஸில் 'பிரைவேட்', அதாவது நம்பகமான நெட்வொர்க், என்று குறித்து, ஃபோல்டரையும் எல்லோருக்கும் திறந்து பகிர்ந்திருந்தது நான்தான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பிறர் விவரங்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. சட்டம் இல்லாவிட்டாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

இனி வேலைக்கு வருகிறேன். கடைக்குப் போனால், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பழைய லயத்து வீடுகளில் தடுப்புச் சுவர் கூரைவரை போகாது, ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் கேட்கும் என்று அம்மா சொல்வார். ரிப்பீட்டர் அப்படித்தான்: சிக்னல் நன்றாக வரும், ஆனால் நீங்கள் அதே கூட்டத்துக்குள்தான் இருப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது 'டபிள்யூ.ஐ.எஸ்.பி' முறை உள்ள ரூட்டர். பெட்டியில் இதைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு 150 வெள்ளிக்குள் கிடைத்தது. இந்த முறையில் ரூட்டர் ஒருபுறம் சாதாரணக் கைப்பேசியைப்போலக் கட்டடத்தின் வைஃபையில் சேர்ந்துகொள்ளும். மறுபுறம் உங்களுக்கென்று வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில் ஒரு நெட்வொர்க்கை நடத்தும். வெளியே இருப்பவர்களுக்கு அந்த ஒரு ரூட்டர் மட்டுமே தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் கணினியோடு அவர்களாகத் தொடர்பைத் தொடங்க முடியாது.

நான் அரைநாள் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. எல்லாம் இணைந்தது, இணையம் மட்டும் வரவில்லை. கட்டடக்காரரின் ரூட்டரும் 192.168.0.1, என்னுடையதும் 192.168.0.1. இரு பக்கமும் ஒரே முகவரி வரிசை என்றால் எது வீடு, எது தெரு என்று ரூட்டருக்குத் தெரியாது. தனி நெட்வொர்க்குகளுக்கென 1996இலேயே மூன்று வரிசைகளை ஒதுக்கிவிட்டார்கள்: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. என்னுடையதை 10.44.7.1 என்று மாற்றினேன், உடனே சரியாகிவிட்டது.

வேகத்தையும் கவனியுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுத்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கட்டடத்தோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் எங்கள் கணினிகளோடு 2.4இலும் பேசும்படி வைத்தேன். எங்கள் பிரிண்டருக்கும் 2.4 மட்டும்தான் தெரியும்.

ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். உங்கள் ரூட்டருக்கும் கட்டடக்காரரின் ரூட்டருக்கும் நடுவே காற்றில் போவது இன்னும் அந்தப் பொதுப் பாஸ்வேர்டின் கீழ்தான் போகிறது. வைஃபையைப் பூட்டும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில், பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் இணைப்புத் தொடங்கும் நேரத்தைப் பிடித்துவிட்டால் அந்தப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். வங்கி, சேமநிதி போன்ற தளங்கள் எச்.டி.டி.பி.எஸ் என்ற பூட்டிய இணைப்பில் இருப்பதால் உள்ளடக்கம் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். அதையும் மறைக்க ரூட்டரிலேயே வி.பி.என் போடலாம், அது போக்குவரத்து முழுவதையும் பூட்டி அனுப்பும். அதைவிட எளிய வழி கேபிள்.

எங்கள் கட்டடக்காரர் பெரியவர், ரூட்டரைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: "ஐயா, உங்கள் ரூட்டரிலிருந்து மேலே ஒரு கேபிள் இழுத்துக்கொள்ளட்டுமா?" "சுவரை உடைக்காமல் செய்தால் சரி, அம்மா" என்றார். அவ்வளவுதான். இப்போது அந்தக் கேபிள் எங்கள் ரூட்டரில் இணையம் உள்ளே வரும் 'வேன்' (WAN) துளையில் செருகியிருக்கிறது. வேகம் குறையும் தொல்லையும் காற்றில் ஒட்டுக்கேட்கும் பயமும் ஒன்றாகப் போய்விட்டன. முதலில் கேட்டுப் பாருங்கள். கேபிளைப் படிக்கட்டு வழியாக உள்ளேயே இழுங்கள், வெளிச்சுவரில் வேண்டாம். நம் ஊர் மாலை இடி மின்னல் உங்களுக்குத் தெரியும்.

மற்றவை சில நிமிட வேலை. ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பொத்தானாலோ பின் எண்ணாலோ இணையவிடும் டபிள்யூ.பி.எஸ்ஸை அணைத்துவிடுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள். வருகிற வாடிக்கையாளர்களுக்கு 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனியாகக் கொடுங்கள். வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்கு நேரடியாக வர நினைத்தால் மட்டும் சிக்கல்: இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் உங்கள் ரூட்டரில் மட்டும் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பயனில்லை.

முடித்ததும் வெளிப்பக்கத்திலிருந்து சோதியுங்கள், உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். நான் அதே மாணவனை அழைத்தேன். பொது வைஃபையில் இருந்தபடி அவன் பத்து நிமிடம் தேடினான். எங்கள் கணினிகளும் கிடைக்கவில்லை, பிரிண்டரும் கிடைக்கவில்லை. "ஒன்றும் இல்லை, அக்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.