பழைய கார்டும் புதிய கார்டும் ஒரே சேசிஸில்

கேள்வி: எங்கள் சிஸ்கோ 6509-இ நெட்வொர்க் ஸ்விட்ச் சேசிஸில் (கார்டுகளைச் செருகும் பெட்டி) சூப்பர்வைசர் 720-3பிஎக்ஸ்எல் (ஸ்விட்சின் மூளையான கார்டு), இரண்டு 6748 போர்ட் கார்டுகள் ஓடுகின்றன. போர்ட் போதவில்லை. பழைய சாமான் விற்பவர், "6148 போர்ட் கார்டு மலிவாகத் தருகிறேன், செருகினால் பச்சை விளக்கு எரியும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: விளக்கு எரியும். அதில் அவர் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

6748-க்கு 40 ஜிகாபிட் தனி வழி உண்டு. 6148 முந்தைய தலைமுறை. அதற்கு 32 ஜிகாபிட் பொதுப் பஸ் (கார்டுகள் பகிர்ந்துகொள்ளும் பாதை) மட்டும்தான். எல்லாமே புதிய கார்டாக இருந்தால் சூப்பர்வைசருக்குச் சுருக்கிய ஹெட்டர் (பாக்கெட்டின் முகவரிப் பகுதி) மட்டும் போகும். வினாடிக்கு 3 கோடி பாக்கெட் வரை எங்கே அனுப்புவது என்று அது முடிவெடுக்கும். பழைய கார்டுக்கு அந்தச் சுருக்கம் புரியாது. அது ஒன்று நுழைந்தாலே 3 கோடி, 1.5 கோடியாகிவிடும். செருகுவதற்கு முன்னும் பின்னும் 'ஷோ ஃபேப்ரிக் ஸ்விட்ச்சிங்-மோட்' என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 'காம்பாக்ட்' என்று இருந்தது மாறியிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. 6748-இல் டிஎஃப்சி என்ற துணைப்பலகை இருந்தால் அந்தக் கார்டு தானே முடிவெடுத்துக்கொள்ளும், இந்தச் சரிவு அதைத் தொடாது. உடனே "டிஎஃப்சியோடு ஒரு 6748 தருகிறேன்" என்று அதே ஆள் வருவார். அங்கேதான் அடுத்த பொறி. உங்கள் சூப்பர்வைசர் 3பிஎக்ஸ்எல். அவர் தரும் டிஎஃப்சி வெறும் 3பி (அதைவிடக் கீழான தரம்) என்றால், ஓடும் சேசிஸில் செருகியதும் கார்டுக்கு மின்சாரமே வராது. பழுது என்று நினைத்து நீங்கள் ரீபூட் செய்வீர்கள். கார்டு எழுந்துவிடும், ஆனால் சேசிஸ் முழுவதும் 3பி தரத்துக்கு இறங்கியிருக்கும். 10 லட்சம் ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பதிவு) தாங்கும் அட்டவணை 2.56 லட்சமாகச் சுருங்கிவிடும். முழு இன்டர்நெட் ரூட்டும் வாங்குகிறவர்களுக்கு இது பேரிடி; அந்த எண்ணிக்கை 2014-லேயே 5.12 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

முகப்பு ஸ்டிக்கரில் 6748 என்று மட்டும்தான் இருக்கும், துணைப்பலகையோ உள்ளே. எனவே பணம் கொடுக்கும் முன் 'ஷோ மாட்யூல்' காட்டச் சொல்லுங்கள். கீழ்ப்பகுதியில் டிஎஃப்சி3பிஎக்ஸ்எல் என்று இருக்கிறதா பாருங்கள். "கடையில் சேசிஸ் இல்லை" என்றால் நகர்ந்துவிடுங்கள். இதையெல்லாம் தயாரிப்பாளர் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டிருக்கலாம். ரிலீஸ் நோட் ரிலீஸ் நோட்டாகத் தேட விட்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். மேசைக் கணினிகளுக்கு மட்டும் என்றால் 1.5 கோடி தாராளம். மிகச் சிறிய பாக்கெட்டாகவே ஒரு ஜிகாபிட் போர்ட்டை நிரப்பினாலும் வினாடிக்கு 15 லட்சத்தைத் தொடாது. சர்வர் என்றால் வேண்டவே வேண்டாம்; 6148-ஜிஇ-டிஎக்ஸில் 8 போர்ட்டுக்குச் சேர்த்தே 1 ஜிகாபிட்தான். என்னைக் கேட்டால், 6148-ஐ விட்டுவிட்டு, தனியாக ஒரு 48 போர்ட் ஸ்விட்சை இருக்கிற 6748-இல் அப்லிங்க் (மேல் ஸ்விட்சுக்கான இணைப்பு) கொடுத்துவிடுவேன். சேசிஸைத் தொடவே வேண்டாம்.