ஒரு கார்டில் இருந்த இரண்டு ஐபியில் ஒன்றை நீக்கினால் மற்றதும் ஏன் போகிறது? கெர்னல் முகவரிகளை எப்படி நிர்வகிக்கிறது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: லினக்ஸ் இயந்திரத்தில் ஈத்0 என்ற நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு 192.0.2.10/24, 192.0.2.11/24 என்று இரண்டு முகவரிகள் கொடுத்திருக்கிறார். முதலாவதை நீக்கியதும் இரண்டாவதும் சேர்ந்து காணாமல் போய்விட்டது. இது கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பிழையா, கெர்னல் முகவரிகளை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்கிறார்.

பிழை இல்லை, கெர்னல் தெரிந்தேதான் அப்படிச் செய்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ஐபி முகவரி நெட்வொர்க் கார்டுக்குள் எங்கும் எழுதப்படுவதில்லை. கார்டுக்குத் தெரிந்தது மேக் முகவரி, அதாவது கார்டின் வன்பொருள் முகவரி மட்டும். ஐபி என்பது கெர்னல் நினைவகத்தில் இருக்கும் ஒரு பதிவு. அந்தப் பதிவைப் பார்த்து கெர்னல் ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழியில் போவது என்ற பட்டியல்) சில வரிகளைச் சேர்க்கிறது. பாக்கெட்டுகள் விஷயத்தில் உண்மையான வேலையைச் செய்வது அந்த வரிகள்தான்.

பதிவு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் கெர்னலில் நெட்_டிவைஸ் என்ற ஒரு ஸ்ட்ரக்சர் உண்டு. பெயர், எம்டியூ, மேக் முகவரி, டிரைவர் சம்பந்தப்பட்டவை எல்லாம் அதில் இருக்கும். ஐபி முகவரி நேரடியாக அதில் இருக்காது. ஐபிவி4-க்கு இன்_டிவைஸ், ஐபிவி6-க்கு இனெட்6_டெவ் என்று தனித்தனி ஸ்ட்ரக்சர்கள் அதிலிருந்து தொங்கும். இன்_டிவைஸிலிருந்து ஒரு லிங்க்டு லிஸ்ட் கிளம்புகிறது. அதில் ஒரு கண்ணிக்கு ஒரு ஐபிவி4 முகவரி. கண்ணியில் முகவரி, மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது, /24 சொல்வது அதைத்தான்), பிராட்காஸ்ட் முகவரி, ஸ்கோப் (முகவரி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது), கொடிகள், லேபிள் எல்லாம் இருக்கும். எத்தனை முகவரி சேர்த்தாலும் அத்தனை கண்ணிகள். எண்ணிக்கைக்கு என்று தனி வரம்பு எதுவும் இல்லை.

லேபிள் என்றேன் அல்லவா, பழைய ஆட்களுக்குப் பழக்கமான ஈத்0:0, ஈத்0:1 எல்லாம் வெறும் லேபிள்கள்தான். அவை தனி இன்டர்ஃபேஸ் போலத் தெரியும், ஆனால் கெர்னலுக்குள் அப்படி எந்த டிவைஸும் கிடையாது. இஃப்கான்ஃபிக் கட்டளை ஒரு பெயருக்கு ஒரு முகவரிதான் கேட்டு வாங்கும். அதனால் லேபிள் மாற்றாமல் சேர்த்த இரண்டாவது முகவரி அதன் கண்ணில் படுவதே இல்லை. இன்னும் இஃப்கான்ஃபிக்கையே நம்பிக்கொண்டு இருப்பவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள், ஐபி கட்டளைக்கு மாறிவிடுங்கள். அது நெட்லிங்க் (புரோகிராம்கள் கெர்னலோடு பேசும் ஒரு வழி) வழியாகக் கெர்னலிடம் முழுப் பட்டியலையும் கேட்கிறது.

இப்போது உங்கள் பிரச்சினை. புது முகவரி ஒன்று வரும்போது கெர்னல் அந்தப் பட்டியலை ஒரு சுற்று பார்க்கும். அதே மாஸ்க்குடன், அதே சப்நெட்டில் (அதாவது நெட்வொர்க் பகுதி ஒன்றாக) ஏற்கெனவே ஒரு முகவரி இருந்தால் புதியதற்கு செகண்டரி என்ற கொடியைக் குத்திவிடும். (முகவரியே ஒன்றாக இருந்தால் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று திருப்பி அனுப்பும். ஃபைலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வேண்டாம், அது பொதுவான எரர் எண்ணின் பெயர்.) உங்கள் கதையில் 10 பிரைமரி, 11 செகண்டரி. பிரைமரியை நீக்கினால் அதன் சப்நெட்டைச் சேர்ந்த செகண்டரிகள் எல்லாமும் நீக்கப்படும் என்பதுதான் கெர்னலின் இயல்பு.

இதை மாற்ற 'ப்ரமோட்_செகண்டரிஸ்' என்று ஒரு சிஸ்கண்ட்ரோல் அமைப்பு (ஓடும் கெர்னலின் நடத்தையை மாற்றும் எண்) இருக்கிறது. அதை 1 என்று வைத்தால், பிரைமரி போகும்போது வரிசையில் அடுத்து இருக்கும் செகண்டரி பிரைமரியாகப் பதவி உயர்வு பெறும், மற்றவை அப்படியே இருக்கும். சிஸ்டம்டி (பல லினக்ஸ்களில் இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் புரோகிராம்) தன் இயல்பு அமைப்புகளில் இதை 1 ஆக்கியே வைக்கிறது. அதனால் ஒரு இயந்திரத்தில் எல்லாம் போய்விடும், இன்னொன்றில் போகாது. இரண்டையும் பார்த்தவர்கள் கெர்னல் பதிப்பு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வதுண்டு. பதிப்பு காரணம் இல்லை, இந்த ஒரு எண்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டாவது முகவரியை 192.0.2.11/32 என்று சேர்த்துப் பாருங்கள். மாஸ்க் வேறு என்பதால் அது செகண்டரி ஆகாது. தனியான பிரைமரியாக நிற்கும், 10 போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 10 போனதோடு சப்நெட்டுக்கான ரூட்டும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். முகவரி இருக்கும், பக்கத்து இயந்திரத்துக்குப் போக வழி இருக்காது.

அந்த ரூட் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நான் முதலில் சொன்ன வரிகள் வருகின்றன. இன்டர்ஃபேஸ் அப்-இல் இருக்கும்போது 192.0.2.10/24 சேர்த்தால் கெர்னல் தானாகவே இவற்றை எழுதுகிறது: மெயின் டேபிளில் '192.0.2.0/24-க்குப் போக ஈத்0, அனுப்புநர் முகவரியாக 192.0.2.10' என்று ஒரு வரி. லோக்கல் டேபிளில் '192.0.2.10 என்னுடையது' என்று ஒரு வரி, 192.0.2.255 பிராட்காஸ்ட் என்று இன்னொன்று. மெயின் டேபிளின் எண் 254, லோக்கலின் எண் 255. ரூட் தேடும்போது முதல் விதி, அதாவது 0-ஆம் எண் விதி, லோக்கல் டேபிளைப் பார்க்கச் சொல்கிறது. பலரும் 'ஐபி ரூட்' என்று மட்டும் அடித்துப் பார்ப்பதால் மெயின் டேபிள் மட்டுமே கண்ணில் படுகிறது. 'ஐபி ரூட் ஷோ டேபிள் லோக்கல்' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள், கெர்னல் உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பதெல்லாம் தெரியும்.

ஒரு பாக்கெட் உள்ளே வந்தால் 'இது எனக்கா, வேறு யாருக்காவதா' என்ற கேள்விக்குக் கெர்னல் விடை தேடுவது இந்த லோக்கல் டேபிளில். அது எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வந்தது, அந்த முகவரி எந்த இன்டர்ஃபேஸில் போடப்பட்டது என்று பொருத்திப் பார்ப்பதில்லை. ஈத்0-வில் போட்ட முகவரிக்கான பாக்கெட் ஈத்1 வழியாக வந்தாலும் 'என்னுடையதுதான்' என்று ஏற்றுக்கொள்ளும். அனுப்பியவரின் முகவரியைச் சோதிக்கும் ஆர்பி_ஃபில்டர் குறுக்கே வராதவரை. நெட்வொர்க் உலகில் இதற்கு வீக் ஹோஸ்ட் மாடல் என்று பெயர். முகவரி எந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறதோ அதன் வழியாக வந்தால் மட்டும் ஏற்பது ஸ்ட்ராங் மாடல். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 (இணையத் தர ஆவணம்) இரண்டு மாடல்களையும் விவாதித்து, இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. லினக்ஸ் வீக் பக்கம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஸ்ட்ராங் பக்கம்.

ஆக, லினக்ஸில் முகவரி இயந்திரத்துக்குச் சொந்தம், இன்டர்ஃபேஸுக்கு அல்ல. ஒருவர் எந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தாலும் வீட்டில் இருப்பவரைப் பார்க்கலாம் என்பது மாதிரி.

இது ஏஆர்பி-யிலும் (ஐபிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை) தலைகாட்டும். ஒரே சுவிட்சில் இரண்டு கார்டுகளைச் செருகி வைத்தால், ஒரு முகவரிக்கு வரும் ஏஆர்பி கேள்விக்கு இரண்டு கார்டுகளும் தத்தம் மேக்குடன் பதில் சொல்லும். எது முந்துகிறதோ அது கேட்டவரின் டேபிளில் பதியும். டிராஃபிக் ஏன் தவறான கார்டில் வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பார்க்க வேண்டியது ஏஆர்பி_இக்னோர், ஏஆர்பி_அனவுன்ஸ் என்ற இரண்டு அமைப்புகளை. முறையே 1, 2 என்று வைப்பது வழக்கம். லோட் பேலன்சருக்குப் பின்னால் ஒரே முகவரியைப் பல சர்வர்களின் லோ (இயந்திரம் தன்னோடே பேசும் லூப்பேக்) இன்டர்ஃபேஸில் போட்டு வைப்பவர்களுக்கு இது இல்லாமல் வேலையே ஆகாது.

லோ-வைப் பற்றி ஒரு வார்த்தை. லூப்பேக் இன்டர்ஃபேஸில் முகவரி சேர்த்தால் சப்நெட் முழுவதையுமே கெர்னல் லோக்கல் என்று எழுதிவிடும். அதனால்தான் 127.0.0.1/8 மட்டும் போட்டிருந்தாலும் 127.5.6.7-ஐப் பிங் செய்தால் பதில் வருகிறது.

வெளியே போகும் பாக்கெட்டுக்கு அனுப்புநர் முகவரி எது? புரோகிராம் தானே ஒரு முகவரியைத் தேர்ந்து பைண்ட் செய்யாவிட்டால், பொருந்திய ரூட்டில் எழுதியிருக்கும் முகவரி. அதுவும் இல்லாவிட்டால் அந்த இன்டர்ஃபேஸில் ஸ்கோப் பொருந்தும் ஒரு பிரைமரி. செகண்டரியைக் கெர்னல் தானாகத் தேர்ந்தெடுக்காது. 11 வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்றால் ரூட்டை மாற்றி அதில் எழுத வேண்டும். ஆனால் பிறகு 11-ஐ நீக்கினால், அதை அனுப்புநராக எழுதியிருந்த அந்த ரூட்டும் அதோடு போய்விடும். அது டிஃபால்ட் ரூட்டாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பூட்டு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரி சேர்ப்பது, நீக்குவது எல்லாம் ஆர்டிஎன்எல் என்ற ஒரு பெரிய பூட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். படிப்பவர்கள், அதாவது பாக்கெட் பாதையில் இருப்பவர்கள், ஆர்சியு (படிப்பவரைக் காக்கவைக்காத கெர்னல் உத்தி) முறையில் அந்தப் பூட்டைத் தொடாமலே படித்துவிடுவார்கள். ஒரு முகவரி மாறியதும் அறிவிப்புச் சங்கிலி ஒன்று அழைக்கப்படும். ரூட்டிங் பகுதி தன் வரிகளை எழுதுவது அதன் வழியாகத்தான். யூசர் பக்கத்துக்கும் நெட்லிங்கில் செய்தி போகும். 'ஐபி மானிட்டர் அட்ரஸ்' என்று ஒரு டெர்மினலில் ஓட விட்டு, இன்னொன்றில் முகவரியை மாற்றினால் நேரடியாகப் பார்க்கலாம்.

ஐபிவி6-இல் கதை கொஞ்சம் வேறு. பிரைமரி, செகண்டரி சண்டை அங்கே இல்லை. செகண்டரி கொடியின் அதே பிட் அங்கே தற்காலிக முகவரி என்ற பொருளில் பயன்படுகிறது. பதிலாக ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வாழ்க்கைக் கட்டம் உண்டு. சேர்த்தவுடன் அது டென்டேடிவ். இதே முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கெர்னலே லிங்கில் கேட்டுப் பார்க்கும். ஆர்எஃப்சி 4862 சொல்லும் முறை இது. பதில் எதுவும் வராவிட்டால் முழு முகவரி ஆகும். இதற்கு ஒரு விநாடியோ சற்றுக் கூடுதலோ பிடிக்கும். பூட் ஆகும்போது இந்த இடைவெளியில் ஒரு சர்வர் புரோகிராம் அந்த முகவரியில் பைண்ட் செய்யப் போனால் 'அந்த முகவரியைத் தர முடியாது' என்று தோற்றுப்போகும். கையால் மறுபடி ஓட்டினால் ஓடும். காரணம் தெரியாதவர்கள் ஸ்லீப் போட்டுச் சமாளிப்பார்கள். ஐபிவி4-க்கு இந்தச் சோதனையைக் கெர்னல் செய்வதில்லை. அது யூசர் பக்கத்துப் புரோகிராம்களின் பொறுப்பு.

இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்தாலும் வித்தியாசம் தெரியும். ஐபிவி4 முகவரிகள் பட்டியலில் அப்படியே இருக்கும், அப் ஆனதும் சப்நெட் ரூட்டும் திரும்ப வரும். ஆனால் நீங்கள் கையால் சேர்த்த ரூட்டுகள் திரும்பாது. ஐபிவி6 முகவரிகள் டவுன் ஆனவுடன் இயல்பில் நீக்கப்படும். எஃப்ஈ80 என்று தொடங்கும் லிங்க்-லோக்கல் முகவரியை மட்டும் கெர்னல் தானே திரும்ப உருவாக்கும். கையால் போட்டவை நிலைக்க வேண்டும் என்றால் 'கீப்_அட்ர்_ஆன்_டவுன்' அமைப்பை 1 ஆக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் அடுத்துக் கேட்கப்போகிற ஒன்று: முகவரியை நீக்கினால் அதில் ஓடிக்கொண்டிருந்த டிசிபி இணைப்புகள் என்ன ஆகும்? லினக்ஸ் அவற்றைக் கொல்வதில்லை. சாக்கெட் தன் பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு எஸ்டாப்ளிஷ்டு நிலையிலேயே கிடக்கும். முகவரியைச் சீக்கிரமே திரும்பச் சேர்த்தால் எதுவும் நடக்காதது போல இணைப்பு தொடரும். சேர்க்காவிட்டால் டைம்அவுட் ஆகும்வரை தொங்கும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் 'எஸ்எஸ்' கட்டளையின் பெரிய எழுத்து 'கே' விருப்பம், அந்த வசதியோடு தொகுத்த கெர்னலில், அவற்றை மூடிவிடும்.