கிரியேட்டினின் 2.1: முதலில் அப்பாவின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, 12 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. கிரியேட்டினின் 2.1 வந்திருக்கிறது. தினமும் 4 லிட்டர் தண்ணீரும் வாழைத்தண்டு ஜூஸும் கொடுக்கிறோம், இந்துப்புக்கு மாறிவிட்டோம். சர்க்கரை தானாகவே குறைந்து வருகிறது. டயாலிசிஸ் வரை போகுமா?

பதில்: கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு. இந்த வயதில் அது 2.1 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 34 வரும், அதாவது சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையின் பிற்பகுதி. டயாலிசிஸ் பேச்சு இப்போது வேண்டாம். இந்த நிலையிலேயே பல வருடம் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர், ஆனால் அதில் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது.

தண்ணீரை அதிகம் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுச் சரியாகிவிடும் என்பது தப்பு. டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி, இல்லையென்றால் தாகத்துக்குக் குடித்தால் போதும். வாழைத்தண்டில் பொட்டாசியம் நிறைய, தளர்ந்த சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும்வரை ஜூஸை நிறுத்துங்கள். இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான் இருக்கிறது. ‘சோடியம் குறைவு’ என்று விற்கும் உப்பு இன்னும் மோசம், அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூனுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், அப்பாவுக்கு மூட்டுவலி உண்டா? அவர் மாத்திரை வைத்திருக்கும் பையை மேஜையில் கொட்டிப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு இரண்டாகக் கத்தரித்துக் கொடுத்த, பெயர் பாதி அறுந்துபோன அட்டைத் துண்டுகள் கிடக்கும். பெரும்பாலும் டைக்ளோஃபினாக், இல்லை ஐபுபுரூஃபன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கிற மருந்துகள் இவை, மூன்று நாள் தொடர்ந்து போட்டால்கூட இவர் நிலையில் கிரியேட்டினின் ஏறலாம். எதில் என்ன சேர்த்தது என்று தெரியாத லேகியம், பஸ்பம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை ஒளித்து வைப்பார். வலிக்குப் பாராசிட்டமால், எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

சர்க்கரை தானாகக் குறைகிறது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சிறுநீரகம் தளரும்போது இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கும். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர், அன்றே டாக்டரிடம் போய் மருந்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் போடுகிறவர் என்றால் அதன் அளவையும் கேளுங்கள், இந்த நிலையில் நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

பேதி, வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல் விழுங்க வைக்காமல், முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இந்த வாரமே பொட்டாசியமும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்துவிட்டு, அந்த நோட்டையும் மாத்திரைப் பையையும் சேர்த்தே சிறுநீரக மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.