மார்க் வந்த பிறகு: கோடைக் கேள்விகளுக்கு ஒரு கணக்கு டீச்சரின் பதில்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இவை. பதில் சொல்பவர் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை.

கேள்வி: பத்தாவதில் 412 எடுத்திருக்கிறேன் டீச்சர். பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா சேர்த்துவிட்டார்கள்: காலையில் சிலம்பம், அப்புறம் டைப்ரைட்டிங், மத்தியானம் ஸ்போக்கன் இங்கிலீஷ், சாயங்காலம் இந்தி. எல்லாவற்றிலும் சுமார்தான். சித்தி பெண் 468. எனக்கு எதுவுமே உருப்படியாக வராதோ என்று பயமாக இருக்கிறது. (மாணவி, பாலக்கோடு)

கண்ணு, உன் அட்டவணையைப் படித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. ஒரே மாதத்தில் நான்கு வகுப்புக்கு ஓடுகிற யாரும் நான்கிலும் சுமாராகத்தான் இருப்பார்கள். அதற்கும் உன் திறமைக்கும் சம்பந்தம் இல்லை.

டைப்ரைட்டிங்கையே எடுத்துக்கொள். முதல் சில வாரம் 'ஏ எஸ் டி எஃப்' தவிர வேறு எதுவும் அடிக்க விட மாட்டார்கள். இடது சுண்டுவிரலுக்குத் தெம்பு இருக்காது, அதனால் தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக விழ, 'ஏ' மட்டும் மங்கலாக விழும். பக்கத்து மெஷினில் லோயர் (முதல் நிலைத் தேர்வு) முடித்து ஹையருக்கு (அடுத்த நிலைக்கு) அடிக்கிற அக்கா சடசடவென்று போய்க்கொண்டிருப்பாள். 'நமக்கு வராது' என்று பாதிப் பேர் நின்றுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். லோயருக்குத் தேவை நிமிடத்துக்கு 30 வார்த்தை. தேர்வு வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். குரூப் 4-இல் தட்டச்சர் வேலைக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. எனவே இதை விடாதே. சுண்டுவிரல் தானாகப் பழகும்.

மீதியில் எதற்கு அம்மா எழுப்பாமலே எழுந்து போகிறாயோ அதை வைத்துக்கொள். சிலம்பமாக இருக்கும் என்று என் ஊகம். மற்ற இரண்டையும் நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் இந்தப் பதிலையே காட்டு. மத்தியானம் சும்மா படுத்துக் கிடப்பதும் விடுமுறையில் சேர்த்திதான்.

சித்தி பெண் விஷயம். மாநில ராங்க், மாவட்ட ராங்க் அறிவிப்பதை 2017-இலேயே அரசு நிறுத்திவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளுக்கு அந்த அரசாணை இன்னும் வந்து சேரவில்லை. 412 என்பது அரசுப் பள்ளியில் நீ கேட்கிற குரூப் பெரும்பாலும் கிடைக்கிற மதிப்பெண். பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிறகு அந்த எண்ணை யாரும் உன்னிடம் கேட்கப் போவதில்லை, சித்தியைத் தவிர.

கேள்வி: என் பையன் கணக்கில் 24 எடுத்து ஃபெயில். மற்ற நாலு பாடமும் பாஸ். நான்கு நாளாக அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு வருஷம் வீணா டீச்சர்? (தாய், காவேரிப்பட்டணம்)

வருஷம் வீணாகாது அம்மா. முதலில் அதை அவனிடம் சொல்லுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களில் வந்துவிடும், வழக்கமாக ஜூலை வாக்கில். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். கணக்கு மட்டும் எழுதினால் போதும். பாஸானால் இதே வருஷம் பிளஸ் ஒன்னோ, பாலிடெக்னிக்கோ, ஐடிஐயோ சேரலாம். தேதியைத் தவற விடாதீர்கள், அதற்காக நாளையே தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

அவனுக்கு வேண்டியது 35, அதாவது இன்னும் 11. வினாத்தாளில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண், மொத்தம் 16. வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டு வரைபடம் என்று திரும்பத் திரும்ப வருகிற வகைகள் கையளவுதான். தினமும் ஒரு வடிவியலும் ஒரு வரைபடமும் போட்டால் கை தானாக ஓடும். கூர்மையான பென்சிலும் ஆடாத காம்பஸும் வாங்கிக் கொடுங்கள். லொடலொட காம்பஸால் மதிப்பெண் இழந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. ஒரு மதிப்பெண் வினா 14 இருக்கிறது, அதில் பெரும்பாலானவை புத்தகப் பயிற்சியிலிருந்தே வரும். இந்த இரண்டையும் பிடித்தாலே கரை தெரிந்துவிடும்.

ஆனால் பென்சிலுக்கு முன்னால் சாப்பாடு. அறைக்கே தட்டைக் கொண்டு போய், பரீட்சைப் பேச்சு எடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசட்டும். 'வா, கடைக்குப் போய் வரலாம்' என்றால் கூடப் போதும். அப்பாவின் மௌனத்தைப் பிள்ளைகள் திட்டை விட மோசமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், எழுதினால், விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். அவனைத் தனியே விடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கான இலவச எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-உம் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: பிளஸ் டூ இயற்பியலில் எதிர்பார்த்ததை விட 20 குறைவு. மறுமதிப்பீடு போடலாமா? (மாணவர், ஊத்தங்கரை)

முதலில் விடைத்தாள் நகல் வாங்கு. நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். வந்ததும் உன் இயற்பியல் சாரிடம் காட்டி, அவர் 'போடு' என்றால் போடு. மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதை மறக்காதே.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பத்தாவதில் 455. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் போட்டு டாக்டர் ஆக்கலாம் என்று இருக்கிறேன். நிலத்தின் மேல் கடன் வாங்கவும் தயார். அவன் போக மாட்டேன் என்று அழுகிறான். (தந்தை, அரூர்)

ஐயா, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றிய அன்றே உங்கள் மகன் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுவான். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் படித்தான் என்பதைத்தான் பார்ப்பார்கள். பணம் கட்டி, கையில் இருக்கிற சலுகையையும் விட்டுக்கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த மாதிரி விடுதிகளில் நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாதியில் பெட்டியோடு திரும்பி வந்த பிள்ளைகளையும் தெரியும். விரும்பிப் போகிறவன் தாக்குப் பிடிக்கிறான். அழுதுகொண்டு போகிறவனை அனுப்பாதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. அப்புறம், டாக்டர் ஆவது அவன் ஆசையா, உங்கள் ஆசையா என்பதைக் கேள்வியில் எழுதவே இல்லை. இன்று ராத்திரி அவனைக் கேளுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் காமர்ஸ் முடித்திருக்கிறேன். லீவில் மாங்காய் மண்டியில் காய் பிரிக்கிற வேலை. கூடப் படிப்பவர்கள் பெங்களூரில் கேம்ப், கோடிங் என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் 'மாமா ஊருக்குப் போயிருக்கிறேன்' என்று பொய் சொல்கிறேன். (மாணவர், போச்சம்பள்ளி)

தம்பி, பொய் சொல்லிச் சொல்லி உனக்குத்தான் அலுத்துப் போகும், விட்டுவிடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே, ஜூன் என்றால் மாங்காய்தான். பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைக்குப் போகிற காலத்தில் உன் வயசுப் பையன்கள் பலர் மண்டியிலோ தோப்பிலோதான் இருப்பார்கள். ஸ்டேட்டஸ் போடுவதில்லை, அவ்வளவே.

காம்பு ஒடிந்து பால் வடிந்த காயை எப்படிக் கண்டுபிடிக்கிறாய், எதை ஆலைக்கு ஒதுக்குகிறாய், எதைப் பழத்துக்கு வைக்கிறாய் என்று உன்னை யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவாய். அதோடு, எடைச் சீட்டைக் கவனி. வண்டி எடை எவ்வளவு, கழிவு என்று எவ்வளவு பிடித்தார்கள், கமிஷன் எவ்வளவு, விவசாயி கைக்கு என்ன போனது. ஒரு நோட்டில் எழுதி வை. உன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வருகிற கமிஷனும் தள்ளுபடியும் கண்ணெதிரே நடக்கிறது.

இரண்டு எச்சரிக்கை மட்டும். கூலி உன் கையில் வரவேண்டும். 18 வயது ஆகும் வரை ஆலைக்குள்ளே பாய்லர், அரவை மெஷின் பக்கம் போகாதே. 14 முதல் 18 வயதுள்ளவர்களை ஆபத்தான தொழிலில் வைப்பது சட்டப்படி குற்றம். ஆள் பற்றாக்குறை என்று யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்லிவிடு.

கேள்வி: தங்கைக்கு 17 வயது. பிளஸ் டூவில் 311. 'இந்த மார்க்குக்கு காலேஜ் எதுக்கு' என்று வைகாசியில் கல்யாணம் பேசுகிறார்கள். அவளும் 'நான் படிப்புக்கு லாயக்கில்லை அக்கா' என்கிறாள். (அக்கா, பென்னாகரம்)

600-க்கு 311 பாஸ். பாஸான பெண்ணுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் விண்ணப்பம் போட எந்தத் தடையும் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே ஏறும். இதை வீட்டில் முதலில் சொல்லிப் பாருங்கள். பஸ் செலவுக்கு என்ன செய்வது என்கிற பேச்சு அதோடு அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் தயங்காதீர்கள். 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், செய்து வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட சமூக நல அலுவலரிடம் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்று வெளியே தெரியாது. அப்பா அம்மா மேல் புகாரா என்று மனசு அடித்துக்கொள்ளும். பந்தல் போடுவதற்கு முன்னால் நிறுத்துவது அவர்களையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான். தங்கையின் 'லாயக்கில்லை'யைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம். கூடவே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள்.

கேள்வி: முகம் முழுக்கப் பரு. பிளஸ் ஒன் சேர போட்டோ எடுக்கவே பிடிக்கவில்லை. (மாணவி, கிருஷ்ணகிரி)

கிள்ளாதே. மெடிக்கலில் யாரோ சொன்ன க்ரீமை வாங்கித் தடவாதே. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் நாலு நாள் பளபளப்பாகக் காட்டிவிட்டுத் தோலைக் கெடுக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, ஒரு காலை போய் வா. போட்டோவைப் பொறுத்தவரை, ஆதாரில் இருக்கிற படத்தை விட யாருடைய முகமும் மோசமாக விழ முடியாது, தைரியமாக எடு.

கேள்வி: வீட்டில் தெலுங்கு. நான் தமிழ் பேசினால் வகுப்பில் சிரிக்கிறார்கள். தமிழில்தான் மார்க்கும் குறைவு. (மாணவர், தேன்கனிக்கோட்டை)

ஓசூர் பஸ்ஸில் ஏறினால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சீட்டில் கேட்கிற ஊர்ப்பக்கம் உன்னுடையது. சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் 'வாழைப்பழம்' என்று திருத்தமாகச் சொல்கிறார்கள் என்று கவனி. விடுமுறையில் தினமும் ஒரு பக்கம் சத்தம் போட்டு வாசி, மார்க் தானாக ஏறும். தெலுங்கை மறந்துவிடாதே.

கேள்வி: பொறியியல் கட்-ஆஃப் 142. அண்ணன் அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். (மாணவர், பர்கூர்)

உன் கணக்கைச் சரிபார்த்தேன்: கணிதம் 78, இயற்பியல் 66-இல் பாதி 33, வேதியியல் 62-இல் பாதி 31. சரி, 142-தான். 200-க்கு 142 கலந்தாய்வில் கடைசி வரிசை கிடையாது. பர்கூரிலேயே 1994 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தர்மபுரி செட்டிக்கரையில் இன்னொன்று இருக்கிறது. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது உன் ஒதுக்கீட்டையும் சுற்றையும் பொறுத்தது. எனவே விருப்பப் பட்டியலில் கஞ்சத்தனம் பண்ணாமல் நீளமாகக் கொடு.

பாவமாகப் பார்க்கிறார்கள் என்கிறாய். ஒருவேளை உன்னிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்களோ என்னவோ. அண்ணனையே உட்கார வைத்துப் பட்டியல் போடச் சொல். அவனுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் 18 நாள் பாரதக் கூத்து நடக்கிறது. தினமும் விடிய விடியப் பார்க்கிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆசை. அப்பா 'மார்க் 340, இதில் கூத்து வேறயா' என்கிறார். (பத்தாம் வகுப்பு முடித்த மாணவர், காரிமங்கலம் பக்கம்)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மத்தியானம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம் என்று நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை கழிகிறது. அர்ச்சுனன் தபசு அன்று கம்பத்தின் மேல் ஏறிக்கொண்டே பாட்டை விடாமல் பாடுகிறாரே அந்த வாத்தியார், அது என்ன மூச்சு என்று யோசித்திருக்கிறாயா?

இனி எதிரே உட்காராதே. சாயங்காலமே ஒப்பனைக் கொட்டகைக்குப் போய் ஓரமாக நில். அரிதாரம் குழைக்கிறதை, கிரீடம் கட்டுகிறதை, முகவீணைக்காரர் சுருதி சேர்க்கிறதைப் பார். தண்ணீர் கொண்டு வா என்பார்கள், கொண்டு வந்து கொடு. நாலாம் நாள் நீயாகக் கேட்காமலே தாளத்தைக் கையில் கொடுப்பார்கள். கேட்டால் அடவும் சொல்லித் தருவார்கள். பள்ளியில் கலைத் திருவிழாப் போட்டிகள் வரும், பிளஸ் ஒன்னில் பெயர் கொடு.

340-க்கு குரூப் கிடைக்கும், அதற்கு அப்பாவோடு பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்கு. அதை முதலில் முடித்துவிட்டால் அவர் பாதி இறங்கி வந்துவிடுவார். மீதிப் பாதிக்கு, படுகளம் அன்று அவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போ.